கிரகணம் பார்க்கக் கடல் கடந்த குடும்பம்

(வட்டவடையில், புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களின் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சூரிய கிரகணம் என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? கதவைச் சாத்துவோம். அடுப்பை அணைப்போம். மிச்சச் சோற்றைக் கொட்டுவோம். வாயும் வயிறுமாக இருக்கும் பெண்ணை உள் அறையில் உட்கார வைப்போம். "வெளியே எட்டிப் பார்க்காதே" என்று பிள்ளைகளை அதட்டுவோம்.

ஆனால் கிரகணம் பார்க்கவே கப்பல் ஏறிப் போனவர்களும் உண்டு. கணவனும் மனைவியுமாகப் போனார்கள். அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் தெரியுமா? நமக்குக் கிழக்கே இருக்கும் கொடைக்கானல் மலையில்தான். இன்று அவர்கள் கதையைக் கேட்போம்.

பக்கத்து மலையின் தம்பதி

கொடைக்கானலில் ஒரு சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அது 1899-ஆம் ஆண்டு அமைந்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். அந்த ஆய்வுக்கூடத்துக்கு 1907-இல் இங்கிலாந்திலிருந்து ஒருவர் வேலைக்கு வந்தார். அவர் பெயர் ஜான் எவர்ஷெட். அவருடைய மனைவி மேரி. அவரும் வானத்தைப் படித்தவர்.

இவர்கள் இருவரையும் சேர்த்து வைத்ததே ஒரு கிரகணம்தான். 1896 ஆகஸ்ட் 9 அன்று நார்வே நாட்டில் முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து ஒரு குழு கப்பலில் போனது. அந்தக் குழுவில் ஜானும் இருந்தார், மேரியும் இருந்தார். அங்கேதான் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. அன்றைக்குக் கிரகணத்தை மேகம் மறைத்துவிட்டது. வானம் ஏமாற்றியது, ஆனாலும் நட்பு நிலைத்தது. 1906-இல் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு கொடைக்கானலுக்கு வந்தார்கள்.

1909-இல் ஜான் எவர்ஷெட் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். சூரியனில் கரும்புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளிகளில் வாயு எப்படி ஓடுகிறது என்று அவர் காட்டினார். உலகம் முழுவதும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற இந்த மலைகளில் இருந்துதான் அந்தக் கண்டுபிடிப்பு போனது. மேரியும் சும்மா இருக்கவில்லை. சூரியனின் விளிம்பில் தீக்கொழுந்து போல எழும்பும் வாயுக்களைப் பற்றிக் கணவரோடு சேர்ந்து ஆராய்ந்து எழுதினார்.

சூரியனை ஏன் மறைக்கிறது?

கதையைத் தொடரும் முன் ஒரு கேள்வி. கிரகணம் ஏன் வருகிறது?

ஒரு பூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணுக்கு அருகே பூண்டைப் பிடியுங்கள். எதிரே இருக்கும் மலையே மறைந்துபோகும். பூண்டு சிறியது, மலை பெரியது. ஆனாலும் பூண்டு கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் மலையை மறைக்கிறது.

சந்திரனும் அப்படித்தான். சூரியன் சந்திரனைப் போல 400 மடங்கு அகலம். ஆனால் சூரியன் இருப்பதும் 400 மடங்கு தொலைவில். சந்திரன் ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதனால் நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன.

அமாவாசை அன்று சந்திரன் சூரியன் இருக்கும் பக்கத்தில் இருக்கும். சில அமாவாசைகளில் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். அப்போது சந்திரனின் நிழல் பூமியில் விழும். அதுவே சூரிய கிரகணம். சந்திரன் சுற்றும் பாதை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அதனால்தான் எல்லா அமாவாசையிலும் கிரகணம் வருவதில்லை.

பாம்பு விழுங்குவதாக நம் முன்னோர் கதை சொன்னார்கள். ஆனால் அதே முன்னோர்தான் கிரகணம் வரும் நாளை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பஞ்சாங்கத்தில் எழுதினார்கள். கணக்குக்குள் அடங்குகிற பாம்பு உண்டா? யோசித்துப் பாருங்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு பயணம்

முழுக் கிரகணம் ஓர் இடத்தில் சில நிமிடங்கள்தான் நிற்கும். எங்கேயும் ஏழரை நிமிடத்தைத் தாண்டாது. நிழல் ஓடும் பாதையும் குறுகலானது. அந்தப் பாதைக்குள் இருப்பவர்களுக்கே முழு இருட்டு தெரியும். ஓர் ஊருக்கு மறுபடி முழுக் கிரகணம் வர, சராசரியாக முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால்தான் பார்க்க விரும்புகிறவர்கள் நிழலைத் தேடிப் பயணம் போகிறார்கள்.

1922 செப்டம்பர் 21 அன்று ஒரு முழுக் கிரகணம் வந்தது. அது ஆஸ்திரேலியாவில் தெரிந்தது. கொடைக்கானலிலிருந்து ஜானும் மேரியும் புறப்பட்டார்கள். மலையை விட்டு இறங்கிக் கடல் கடந்து, மேற்கு ஆஸ்திரேலியாவில் வாலல் என்ற கடற்கரைக்குப் போனார்கள். அங்கே துறைமுகம் இல்லை. கடைத்தெரு இல்லை. மணலும் வெயிலும் ஈயும்தான். அமெரிக்காவிலிருந்தும் ஒரு குழு வந்திருந்தது. அதன் தலைவர் கேம்பெல். அவரும் மனைவியோடுதான் வந்தார். பெட்டி பெட்டியாகக் கருவிகள் வந்து இறங்கின. அலைகளுக்கு நடுவே அவற்றைக் கரை சேர்க்க அந்த மண்ணின் பழங்குடி மக்கள் தோள் கொடுத்தார்கள். எல்லோரும் கூடாரம் அடித்துத் தங்கினார்கள்.

இவ்வளவு பாடும் எதற்காக? ஐந்து நிமிடச் சொச்சம் இருட்டுக்காக.

ஐன்ஸ்டைன் என்ற அறிஞர் ஒரு புதிய கருத்தைச் சொல்லியிருந்தார். நட்சத்திரத்தின் ஒளி சூரியன் அருகே வரும்போது இவ்வளவு வளையும் என்று கணக்குப் போட்டிருந்தார். அதைச் சோதிக்க வேண்டும். ஆனால் பகலில் சூரியன் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரம் தெரியுமா? தெரியாது. முழுக் கிரகணத்தில் மட்டும்தான் தெரியும். 1919-இல் ஒரு கிரகணத்தின்போது சோதித்திருந்தார்கள். மறுபடி சோதித்து உறுதி செய்ய வேண்டியிருந்தது.

வாலலில் அன்று வானம் தெளிவாக இருந்தது. எவர்ஷெட் கொண்டுபோன கருவியோ சரியாக வேலை செய்யவில்லை. நினைத்த படங்கள் கிடைக்கவில்லை. கேம்பெல் குழுவின் படங்கள் நன்றாக அமைந்தன. ஐன்ஸ்டைன் சொன்னது சரி என்று 1923-இல் கேம்பெல் அறிவித்தார். இந்தக் கேம்பெல் 1914-இல் இதே வேலைக்காக ரஷ்யாவுக்குப் போய், மேகத்தால் ஏமாந்து திரும்பியவர். ஒருமுறை கை நழுவினால் மறுமுறை முயல வேண்டும். விவசாயம் செய்கிற நமக்கு இது தெரியாதா? ஒரு பட்டம் பொய்த்தால் அடுத்த பட்டத்துக்கு விதைக்கிறோமே!

மேரி பல கிரகணங்களுக்குப் பயணம் போனார். 1896-இல் நார்வே. 1900-இல் அல்ஜீரியா. 1922-இல் ஆஸ்திரேலியா. 1936-இல் கிரேக்க நாட்டை ஒட்டிய கடல். கடைசிப் பயணத்தின்போது அவருக்கு வயது 69. கிரகணம் பார்த்ததால் அவருக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. 82 வயது வரை வாழ்ந்தார்.

நம் மண்ணிலும் வந்தது

நம் பக்கமும் முழுக் கிரகணம் வந்திருக்கிறது. 1871 டிசம்பர் 12 காலையில் வந்தது. கேரளத்தின் பேக்கல் கோட்டை, நீலகிரி, அவினாசி வழியாக அந்த நிழல் போனது. பேக்கலுக்கு இங்கிலாந்திலிருந்து லாக்கியர் வந்தார். நீலகிரியில் சோலூருக்குப் பிரான்சிலிருந்து ழான்சென் வந்தார். எங்கிருந்தோ நம் மலைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

1980 பிப்ரவரி 16 அன்று கர்நாடகம், ஆந்திரம் வழியாக ஒரு முழுக் கிரகணம் போனது. பலர் பயந்து வீட்டுக்குள் இருந்துவிட்டார்கள். பல ஊர்களில் தெருக்கள் வெறிச்சோடின.

அடுத்து 1995 அக்டோபர் 24. தீபாவளிக்கு மறுநாள். ராஜஸ்தானில் நீம் கா தானா, வங்காளத்தில் டயமண்ட் ஹார்பர் முதலிய ஊர்களில் முழுக் கிரகணம் தெரிந்தது. இந்த முறை குடும்பம் குடும்பமாக ஜனங்கள் திரண்டார்கள். பதினைந்து ஆண்டில் இந்த மாற்றம் எப்படி வந்தது? அறிவியல் இயக்கத்தினர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். விளக்கம் கேட்டதும் பயம் குறைந்தது.

முழு இருட்டில் என்ன தெரியும்? பகல் மங்கும். குளிர் காற்று வரும். பறவைகள் கூடு திரும்பும். கடைசியில் ஒரு பொட்டு வெளிச்சம் வைர மோதிரம் போல மின்னி மறையும். பிறகு கறுப்புச் சூரியனைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஓர் ஒளி விரியும். பகலிலேயே நட்சத்திரம் தெரியும். பார்த்தவர்கள் சாகும்வரை மறப்பதில்லை.

எதற்குப் பயப்பட வேண்டும்?

பெரியவர்கள் சொன்னதில் ஒன்று சரி. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. கிரகண நாளில் மட்டுமல்ல, எந்த நாளிலும் கூடாது. கண்ணின் உள்ளே விழித்திரை இருக்கிறது. சூரிய ஒளி அதைச் சுட்டுவிடும். அப்போது வலி தெரியாது. பிறகுதான் பார்வை மங்கியது தெரியும். போன பார்வை திரும்பாமலும் போகலாம்.

ஆகவே இவற்றைச் செய்யாதீர்கள். புகை படிந்த கண்ணாடியால் பார்க்காதீர்கள். எக்ஸ்ரே பிலிமால் பார்க்காதீர்கள். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி போதாது. தண்ணீரிலோ சாணி கரைத்த நீரிலோ தெரியும் சூரியனையும் உற்றுப் பார்க்காதீர்கள்.

கிரகணம் பார்க்கத் தனிக் கண்ணாடி கிடைக்கிறது. அதில் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்று அச்சிட்டிருக்க வேண்டும். வாங்கும்போது எழுத்துக் கூட்டிப் படியுங்கள். நீங்கள் கற்ற படிப்பு அன்றைக்குக் கண்ணைக் காக்கும். கண்ணாடியில் கீறலோ ஓட்டையோ இருந்தால் வேண்டாம்.

காசு செலவில்லாத வழியும் உண்டு. ஓர் அட்டையில் ஊசியால் சிறு துளை போடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். துளை வழியாக வரும் வெளிச்சத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். தாளில் கிரகணச் சூரியன் தெரியும். சல்லடையைப் பிடித்தால் தரையில் நூறு பிறைச் சூரியன் விழும். மர நிழலிலும் அதே அழகைப் பார்க்கலாம். துளை வழியாக மட்டும் சூரியனைப் பார்க்கக் கூடாது.

மற்றப் பயங்களை விட்டுவிடலாம். கிரகணத்தில் புதிய கதிர் எதுவும் வருவதில்லை. நிழல்தான் விழுகிறது. நிழலில் விஷம் இல்லை. சோறு கெடாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வராது. பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போடுவதும் தண்ணீர் கொடுக்காமல் அடைப்பதும்தான் அவள் உடம்புக்குக் கெடுதல். அன்று உலக்கை நிற்கிறதே என்பார்கள். அடிப்பகுதி தட்டையாக இருந்தால் உலக்கை எந்த நாளிலும் நிற்கும். நாளைக்கே நிறுத்திப் பாருங்கள்.

நம் வாசலுக்கு வருகிறது

2019 டிசம்பர் 26 அன்று வளையக் கிரகணம் வந்தது. செறுவத்தூர், கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாக அது போனது. வயநாட்டில் காத்திருந்த பலரை மேகம் ஏமாற்றியது.

நம் பக்கம் அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21, புதன்கிழமை வருகிறது. கொச்சி, பைனாவு, தேனி, மதுரை எல்லாம் அந்தப் பாதையில் இருக்கின்றன. நம் வட்டவடை மலையும் அந்தப் பாதைக்குள் வருகிறது. பிற்பகல் ஒரு மணி சுமாருக்குச் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரியும். அன்றைக்குச் சந்திரன் சற்றுத் தொலைவில் இருப்பதால் சூரியனை முழுதும் மறைக்காது. ஓரம் வளையமாக மிஞ்சும். முழுக் கிரகணத்தில் சூரியன் முற்றிலும் மறைந்த சில நிமிடம் மட்டும் கண்ணாடியைக் கழற்றலாம். வளையக் கிரகணத்தில் ஒரு நொடி கூடக் கழற்றக் கூடாது.

கொடைக்கானல் தம்பதி கடல் கடந்து போனார்கள். நாம் எங்கும் போக வேண்டாம். பூண்டு வயல் வரப்பில் நின்றாலே போதும். அந்த நாளைக் குறித்து வையுங்கள். கண்ணாடி வாங்கி வையுங்கள். பாட்டி, பேரன், மருமகள் எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள். கதவைச் சாத்தாதீர்கள்.

பேசிப் பாருங்கள்

1. எல்லா அமாவாசையிலும் ஏன் கிரகணம் வருவதில்லை?

2. சூரியனைப் பார்க்கும்போது கண்ணுக்கு ஆபத்து வந்தாலும் உடனே ஏன் தெரிவதில்லை?

3. 2031 மே 21 அன்று உங்கள் வீட்டில் யார் யாரை வெளியே அழைத்து வருவீர்கள்? அவர்கள் பெயர்களை எழுதுங்கள்.