கூரையின் குறையை மறைக்காதீர்



வீட்டை விற்க எண்ணுபவர் சுவருக்கு வர்ணம் பூசுவதில் தவறில்லை. ஆனால், மழை ஒழுகிய கறை தெரியாதிருக்கும் பொருட்டுப் பூசினால் அது மோசடியாகும்.

தானியக் குவியலொன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். இச்சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

ஆகவே, வாங்குபவர் கூரையைப் பரிசோதிக்கத் தச்சரை அழைத்து வந்தால் ஏணியை நீங்களே எடுத்துக் கொடுங்கள். உடைந்த ஓடு, கறையான் அரித்த மரம், துருப்பிடித்த பீலி, ஒழுகும் இடம் யாவற்றையும் கேட்குமுன் காட்டுங்கள். திருத்திக் கொடுப்பதா, விலையைக் குறைப்பதா என்பதைப் பேசி முடிவெடுத்து, எழுதிக்கொள்ளுங்கள்.

'இருந்தபடியே விற்கின்றேன்' என்று கூறிவிடுவது, அறிந்தே மறைத்த குறைக்குப் பரிகாரமாகாது. அது வெளிப்பட்டால் பொருளைத் திருப்பியளிக்கும் உரிமை வாங்கியவருக்குண்டு. ஃபிக்ஹ் நூல்கள் இதனைக் 'கியாருல் ஐப்' என்கின்றன.

குறையைச் சொல்வதால் விலை இறங்கலாம். மறைத்தாலோ பரக்கத்தே அழிந்துவிடும். அல்லாஹ் நம்மனைவரையும் வாய்மையாளர்களாக ஆக்குவானாக! ஆமீன்.