துணைவியர் சொல்லும் வரலாறு



1951-ஆம் ஆண்டு, திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்திலிருந்து வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் பேசினார். பேச்சின் தலைப்பு, ‘என் கணவர்’. கணவர் மறைந்து அப்போது முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய பாடல்களை நாடே பாடிக்கொண்டிருந்தது. பேசியவர் செல்லம்மா பாரதி. கணவர் மகாகவி சுப்பிரமணிய பாரதியார்.

தேசத்துக்கு உழைத்து மறைந்தவர்களின் வரலாற்றை அறிய நாம் அரசாங்க ஆவணங்களைப் புரட்டுகிறோம். நண்பர்களும் அன்பர்களும் எழுதிய நூல்களைத் தேடுகிறோம். இவ்விரண்டிலும் கிடைக்காத செய்தி ஒன்று உண்டு. அவர் செய்த தொண்டுக்கு வீட்டில் என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதே அது. அந்தக் கணக்கு மனைவியின் நினைவில்தான் இருக்கும். அவர் சொன்னால் உண்டு. சொல்லாமல் கண்மூடிவிட்டால் இல்லை.

செல்லம்மாள் கடையத்தில் பிறந்தவர். 1897-இல் மணம் நடந்தபோது அவருக்கு ஏழு வயது; மணமகனுக்குப் பதினைந்து நிறையவில்லை. சில ஆண்டுகளுக்குள் பாரதியார் காசிக்குப் போய்விட்டார். இன்று வெளிமாநிலங்களில் வாழும் நம்மைப்போல், அவரும் ஒரு காலத்தில் வடநாட்டில் தங்கிய தமிழர்தாம். அங்கிருந்து அவர் மனைவிக்கு எழுதிய கடிதம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. தம்மைப் பற்றிக் கவலைப்படுவதில் போக்கும் பொழுதைத் தமிழ் படிப்பதில் செலவிட்டால் தாம் மகிழ்வதாக அதில் எழுதுகிறார். படிக்கும்போது இனிக்கிறது. ஆனால் கடையத்தில் அதைக் கையில் வைத்திருந்த சிறுமியின் கவலை, அந்த ஒரு கடிதத்தால் தீர்ந்திருக்குமா?

1908-இல் பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். குடும்பமும் பின்னர் அங்கே போய்ச் சேர்ந்தது. பத்தாண்டுகள் அந்நிய ஆட்சியின் ஒற்றர்கள் கண்காணிப்பில் வாழ்வு கழிந்தது. 1910-இல் ‘இந்தியா’ பத்திரிகையும் நின்றுபோயிற்று. சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் கவிஞர் சிட்டுக்குருவிகளுக்கு இறைத்துவிட்டு மகிழ்ந்த கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். குருவிக்கு அரிசி இறைத்தவரை வியக்காதவர் இல்லை. அன்று உலையில் இட அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்? அதற்கு விடை தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவரே.

1918 நவம்பரில் புதுவையை விட்டு வெளியே கால் வைத்ததும் பாரதியாரைக் கைது செய்து கடலூர்ச் சிறையில் அடைத்தார்கள். விடுதலைக்குப் பின் கடையத்தில் சில காலம். பிறகு சென்னையில் ‘சுதேசமித்திர’னில் மீண்டும் வேலை. 1921 செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிறையுமுன்னே, அவர் காலமானார். இறுதி ஊர்வலத்தில் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பார்கள்.

செல்லம்மாள் அழுதுகொண்டு மூலையில் அமர்ந்துவிடவில்லை. மறு ஆண்டே ‘பாரதி ஆச்ரமம்’ என்ற பெயரில் கணவரின் தேசப் பாடல்களை நூலாக வெளியிட்டார். அக்காலத்து வழக்கப்படி ஒதுங்கியிருக்க வேண்டிய ஒரு பெண், கையில் பொருளின்றிப் புத்தகம் பதிப்பித்தார். 1928-இல் சென்னை அரசாங்கம் அப்பாடல்களைத் தடைசெய்து நூல்களைக் கைப்பற்றியது. அதற்கெதிராகச் சட்டசபையில் சத்தியமூர்த்தி முழங்கினார். பறிமுதல் செய்ய ஒரு நூல் இருந்தது என்றால், அதை அச்சேற்றத் துணிந்தவர்களில் அந்தக் கைம்பெண்ணும் ஒருவர் என்பதை நாம் மறக்கலாகாது. 1949-இல் சுதந்திர நாட்டின் சென்னை அரசாங்கமே பாரதி பாடல்களின் உரிமையை ஏற்றுக்கொண்டது.

இத்தனைக்கும் பிறகு 1951-இல் வானொலி முன் அமர்ந்தபோது செல்லம்மாள் கணவரைத் தெய்வமாக்கிப் பேசிவிட்டு எழுந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு கவிஞருக்கு வாழ்க்கைப்படுவது எத்தனை கடினம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பட்ட துன்பத்தை அன்போடு கலந்து சொன்னார். அதைக் குறை கூறுதல் என்று யாரும் நினைக்கலாகாது. செய்த தியாகத்தின் அளவை, அளக்கத் தெரிந்தவர் அளந்து காட்டினார், அவ்வளவே. நான்கு ஆண்டுகளில், 1955-இல், அவரும் காலமானார். அன்று பேசாதிருந்தால்?

இந்தக் கேள்வி என்னைச் சுடுவதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல உங்களை என் ஊருக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் என்னும் பகுதியில். எலும்புக்கூடு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. இடப்பெயரை மொழிபெயர்க்கலாகாது என்பது மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்கள் தொழிலின் பாலபாடம். ஆகவே தில்லியில் யாராவது சிரித்தாலும் நான் சிரிப்பதில்லை. எங்களுக்கு அது வரிசை வரிசையான வீடுகளும், குழாயடியும், தமிழ்ப் பேச்சும் நிறைந்த ஊர். வட ஆற்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்த முன்னோர், 1880-களிலிருந்து அந்தப் பூமியைத் தோண்டினார்கள். ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் போயிற்று. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளிவந்தது. 1956-இல் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. பின்னர் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன.

என் தந்தையார் அங்கே நிலத்தடித் தொழிலாளி. சுரங்கம் மூடியபின் சில ஆண்டுகளே இருந்தார். நான் பட்டம் பெற்று, மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராகி, வடக்கே வந்தேன். யார் யாருடைய தேசத் தொண்டையோ நாள்தோறும் தமிழாக்கினேன். என் தந்தை பூமிக்கடியில் என்ன செய்தார் என்று ஒரு நாளும் அவரிடம் கேட்கவில்லை. கேட்க நினைத்தபோது அவர் இல்லை.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா அதே வீட்டில் இருக்கிறார். ஒரு மாலையில், கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கி அருகில் வைத்துவிட்டு, “அப்பாவும் நாட்டுக்கு உழைத்தவர்தானே, அவரைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா” என்றேன்.

“நாட்டுக்குன்னு யாரு இறங்கினா கண்ணு? உங்களுக்குத்தான் இறங்கினாரு” என்றார் அம்மா.

எனக்கு மறுமொழி வரவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். மூன்று முறைகளில் ஆட்கள் இறங்குவார்கள். ஆழத்தில், மேலேயுள்ள சுமையைத் தாங்கமாட்டாமல் பாறை திடீரென்று சிதறுவதுண்டு. அப்போது மேலே எங்கள் வீட்டுத் தரை அதிரும். பலகையில் அடுக்கிய பாத்திரங்கள் கலகலவென்று ஓசையிடும். பகலானாலும் இரவானாலும் பெண்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். இப்போது உள்ளே இருப்பது எந்த முறை, அதில் யார் வீட்டு ஆள் என்று ஒவ்வொருத்தியும் மனத்துக்குள் எண்ணுவாள்.

“நம்ம ஆளு இல்லேன்னு தெரிஞ்சதும் உசிரு வரும். உடனே வெட்கமா இருக்கும். அடுத்த வீட்டுக்காரி நின்னுக்கிட்டு இருப்பாளே.”

இதைச் சொன்னபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை. பாத்திரப் பலகையைப் பார்த்தார். தந்தை வீடு திரும்பியதும் இவர் எதுவும் கேட்பதில்லையாம். அவரும் எதுவும் சொல்வதில்லையாம். சோற்றை இட்டு, எதிரே உட்கார்ந்து அவர் உண்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். “அதுதான் எங்க பேச்சு” என்றார்.

தங்கத்தின் எடை ஏட்டில் இருக்கிறது. சுரங்கத்தின் ஆழமும் இருக்கிறது. வாசலில் நின்ற பெண்கள் எண்ணிய கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. அன்று மாலை நாற்பது நிமிடம் அது என் கைப்பேசியில் பதிவாயிற்று. செல்லம்மா பாரதி கணவரின் கவிதைகளைக் காத்துக் கொடுத்தார். என் அம்மாவிடம் காப்பதற்குக் கவிதை இல்லை. ஆயினும் இருவரும் கணவரைப் பற்றிச் சொன்னது ஒரே வகைச் செய்திதான்: உலகம் பார்த்த உழைப்புக்குப் பின்னால், வீட்டில் ஒருத்தி காத்திருந்தாள்.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாயோ பாட்டியோ இருக்கலாம். கணவர் எல்லையில் நின்றவராக இருக்கலாம். ரயிலோட்டியவராக, அணை கட்டியவராக, சுரங்கத்தில் இறங்கியவராக இருக்கலாம். அவரைப் பற்றி அம்மையாரிடம் கேளுங்கள். ‘தொண்டு’, ‘தியாகம்’ என்ற பெரிய சொற்களால் கேட்காதீர்கள். நான் அப்படிக் கேட்டுத்தான் முதலில் தோற்றேன். அவர் எப்போது வீடு திரும்புவார், என்ன உண்பார் என்று கேளுங்கள். பிறகு குறுக்கே பேசாமல் இருங்கள். அவர்கள் சொல்வார்கள்.

அடுத்த விடுமுறைக்கு ஊர் போகும்போது, அந்தப் பதிவை நான் எழுத்தாக்கிக் கொண்டுபோய் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். இது எனக்கு யாரும் இடாத பணி. என் வாழ்நாளில் செய்த மொழிபெயர்ப்புகளிலெல்லாம் கடினமானதும் இதுவே. வாசலில் நின்ற அந்த மௌனத்துக்கு எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.