ஊதியமும் மதிப்பும்



பிழைப்பை நாடிப் பிறந்த ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். டில்லியிலோ, நாகபுரியிலோ, ஜாம்ஷெட்பூரிலோ வேலை கிடைத்ததும் நாம் முதலில் கேட்டது சம்பளம் எவ்வளவு என்பதைத்தான். அது இயல்பே. ஆயினும் சில ஆண்டுகள் கழித்து, இங்கேயே இருப்போமா, வேறிடம் தேடுவோமா என்று எண்ணும்பொழுது மனம் சம்பளத்தை மட்டும் கணக்கிடுவதில்லை. இவ்விடத்தில் நம்மை மனிதராக மதித்தார்களா என்றும் கேட்கிறது. அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

நாகபுரியில் 1877ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஜம்ஷெட்ஜி டாடா எம்பிரஸ் மில் என்னும் பஞ்சாலையைத் தொடங்கினார். யந்திரங்கள் வந்து சேர்ந்தன. பருத்தியோ பக்கத்திலேயே விளைந்தது. ஆனால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒழுங்காக வரவில்லை. அபராதம் விதிப்பது, கூலியைப் பிடிப்பது, ஆளை நீக்குவது ஆகியவையே பல ஆலைகள் அறிந்திருந்த வைத்தியம். ஜம்ஷெட்ஜி வேறு வழியை நாடினார். ஆலையினுள் காற்றைப் பதப்படுத்தும் கருவிகளையும், தீயை அணைக்கும் நீர்த்தெளிப்பான்களையும் அமைத்தார். விளையாட்டு விழா நடத்திப் பரிசுகள் வழங்கினார். 1886இல் ஓய்வூதிய நிதி ஏற்பட்டது. 1895இல் விபத்துக்கு நஷ்டஈடு தரும் வழக்கம் தொடங்கிற்று. அவ்வாலை இன்று இயங்கவில்லை. அது கற்பித்த பாடம் மட்டும் பழையதாகிவிடவில்லை.

அவர் 1904இல் மறைந்தார். அவர் கனவு கண்ட எஃகு ஆலை ஜாம்ஷெட்பூரில் எழுந்தது. அங்கே 1912இல் எட்டு மணி நேர வேலையும், 1915இல் இலவச வைத்திய உதவியும், 1920இல் சம்பளத்துடன் விடுமுறையும் சேமநல நிதியும் வந்தன. வாரத்துக்கு 48 மணி என்று தொழிற்சாலைச் சட்டம் வரம்பிட்டது பல ஆண்டுகளுக்குப் பின்னரே. சேமநல நிதிச் சட்டம் வந்தது 1952இல்.

இத்தனை நன்மைகள் இருந்தும் அதே ஊரில் 1920இலும் 1928இலும் பெரும் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. 1928இல் ஆட்குறைப்பு மூண்ட பூசலில் சுபாஷ் சந்திர போஸ் தொழிலாளருக்குத் துணைநின்றார். சலுகை தருவது ஒன்று, சொல்லைச் செவிமடுப்பது வேறொன்று என்பதை இது காட்டுகிறது. 1956இல் அந்நிர்வாகமும் தொழிற்சங்கமும் கூடிக் கலந்தாலோசிக்கும் குழுக்களை அமைக்க உடன்பாடு செய்துகொண்டன. அதனால் தொழிலாளியின் கருத்துக்கும் மேசையருகே ஓர் இடம் கிடைத்தது.

பெரிய ஆலைகளின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நாம் அறிந்த சிறு செய்தி ஒன்றைக் கூறுகிறோம். ஓர் அலுவலகத்தில் நம்முடன் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பணியாற்றினார். நீண்ட விதித்தொகுப்பு ஒன்றை மூன்று மாதம் உழைத்து மொழிபெயர்த்துக் கொடுத்தார். அது அச்சேறிற்றா, அலமாரியில் உறங்கிற்றா என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. பின்னொரு நாள் அச்சுப்பிரதி தற்செயலாக அவர் கைக்கு வந்தது. பல சொற்கள் மாற்றப்பட்டிருந்தன. சில இடங்களில் பொருளே பிறழ்ந்திருந்தது. மேலதிகாரியிடம் சென்று கேட்டார். "உமது வேலைதான் முடிந்துவிட்டதே, இனி என்ன?" என்பதே விடை. அடுத்த ஆண்டே அவர் மாற்றல் பெற்றுச் சென்றார். சென்ற இடத்திலும் சம்பளம் அதேதான்.

பின்னர் வந்த அதிகாரி ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். திருத்தம் செய்தால் திருத்தியதைக் காட்டுவார். ஏன் திருத்தினோம் என்பதையும் கூறுவார். நம் மறுப்பையும் கேட்பார். இதற்காக அரசாங்கத்துக்கு ஒரு காசும் செலவாகவில்லை. நாம் அங்கேயே தங்கிவிட்டதற்கு அவ்வழக்கமே காரணம்.

உங்களில் பலருக்குக் கீழே இன்று நால்வரோ நாற்பதின்மரோ வேலை செய்யலாம். அவர்களுடைய பெயரைச் சரியாக உச்சரியுங்கள். விடுமுறையை மறுக்க நேர்ந்தால் காரணத்தைச் சொல்லுங்கள். செய்த வேலை என்னவாயிற்று என்பதைத் தெரிவியுங்கள். குறையைத் தனியே அழைத்துக் கூறுங்கள். குறித்த தேதியில் சம்பளம் கொடுங்கள்; அதைத் தாமதித்துவிட்டு இனிய சொல் பேசுவதில் பயனில்லை.

கடைசியாக ஒன்று. அலுவலகத்தில் மதிப்பு வேண்டும் நம்மில் பலர், மாலையில் வீடு திரும்பியதும் முதலாளி ஆகிவிடுகிறோம். பாத்திரம் துலக்க வரும் பெண்ணும் நம்மைப் போலவே எங்கோ தொலைவிலுள்ள ஊரைவிட்டு வந்தவளாக இருக்கலாம். அவளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா? காய்ச்சல் என்று வராத நாளுக்குக் கூலியைப் பிடிக்கிறோமா? அவளுடைய ஊரின் பெயர் நமக்குத் தெரியுமா? நாகபுரி ஆலையில் அன்று எழுந்த கேள்வி இன்று நம் சமையலறை வாயிலிலும் நிற்கிறது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே.