சாக்கை எங்கே வரைவது?



நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியர். அம்பேத்கர் என்றதும் பிள்ளைகள் நீலக் கோட்டை வரைகிறார்கள். சிலை பார்த்துப் பழகிய கை. ஒருநாள், அவர் சதாராவில் படித்த வகுப்பறையை வரையச் சொன்னேன். மூலையில் தனிச் சாக்கு. தினமும் அவரே வீட்டிலிருந்து கொண்டுவந்து, திரும்பக் கொண்டுபோக வேண்டும். பியூன் குழாயைத் திறந்தால்தான் தண்ணீர்.

“சார், சாக்குக்கும் மத்த பிள்ளைங்களுக்கும் எவ்வளவு தூரம்?” என்றாள் ஒருத்தி. வாசிக்கும்போது வராத கேள்வி. வரைந்தால் தாளில் ஓர் இடத்தில் வைத்தே ஆகவேண்டுமே!

அடுத்து எங்கள் ஊரை வரைந்தோம். கோயில், தேர், ஏரி எல்லாம் வந்தன. காலனிப் பையன்கூடக் காலனியை வரையவில்லை. “தாள்ல இடம் பத்தல சார்.” இன்னொரு தாளை ஒட்டிக் கொடுத்தேன். அதில் அவன் முதலில் வரைந்தது தண்ணீர்த் தொட்டி.