பள்ளிக்குச் செல்லும் பாதை

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் பங்கேற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



கரியமில வாயுவைக் குறைப்பது பற்றிப் பேசும்பொழுது அனல் மின்நிலையங்களும் உருக்காலைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. காலை வேளையில் பள்ளி வாயிலில் புகை கக்கி நிற்கும் வாகன வரிசை நம் கணக்கில் வருவதில்லை. அக்கணக்கை இன்று போட்டுப் பார்ப்போம்.

பள்ளி மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். தந்தை தம் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் கொண்டுவிட்டுத் திரும்புகிறார். மாலையில் மீண்டும் சென்று அழைத்து வருகிறார். நாளொன்றுக்கு 12 கிலோமீட்டர். 220 வேலை நாட்களுக்கு 2,640 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஏறத்தாழ 53 லிட்டர் பெட்ரோல் செலவாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படும். ஆக, ஒரு மாணவரின் பொருட்டு ஆண்டுக்கு 120 கிலோ. இத்தகைய மாணவர் 500 பேர் இருப்பின் அப்பள்ளியின் பங்கு 60 டன். கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், இது அந்நியச் செலாவணிக் கணக்கும் ஆகும்.

எனினும், நம் மாணவர்களுள் மிகப் பலர் இன்றும் நடந்தே பள்ளிக்குச் செல்கின்றனர் என்பதை மறத்தலாகாது. அவர்களுக்குச் சிக்கனத்தை உபதேசிக்க வேண்டியதில்லை. வருமானம் சற்று உயர்ந்தவுடன் நடையையும் மிதிவண்டியையும் கைவிடுவதே முன்னேற்றம் என்னும் எண்ணத்தை மாற்றுவதுதான் நம் பணி.

இதற்குப் பீகார் ஒரு பாடம். 2006ஆம் ஆண்டில் அம்மாநில அரசு, ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு மிதிவண்டி வாங்க 2,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, இத்திட்டத்தால் உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததைக் காட்டியது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த சிற்றூர்களிலேயே பயன் பெரிதும் காணப்பட்டது. அம்மாணவியர் புகையைக் குறைப்பதற்காக மிதிவண்டி ஏறவில்லை. படிப்பைத் தொடர்வதற்காக ஏறினர். தமக்குப் பயன் தரும் வழியையே மக்கள் மேற்கொள்வர் என்பதைத் திட்டம் தீட்டுவோர் உணர வேண்டும்.

பயனோடு பாதுகாப்பும் வேண்டும். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். பெற்றோர் வாகனத்தை நாடுவதற்குச் சோம்பல் காரணமன்று, அச்சமே காரணம். அந்த அச்சத்தால் வாகனங்கள் பெருக, பள்ளி வாயில் மேலும் ஆபத்தாகிறது. எஞ்சி நடப்போரும் நடையை விடுகின்றனர். இச்சுழலை அறிவுரையால் உடைக்க இயலாது.

வாகனங்களை அல்ல, மக்களைக் கொண்டுசெல்வதே போக்குவரத்தின் நோக்கம் என 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறிற்று. அதைப் பள்ளித் தெருவில் நிறைவேற்றுவது அலுவலர்களின் கடமை. ஆக்கிரமிப்பில்லாத நடைபாதை, வேகத்தடை, பள்ளி தொடங்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும் வாயிலருகே வாகனத் தடை, வளாகத்துள் நிழலான மிதிவண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு மேம்பாலச் செலவின் முன் மிகச் சிறிதே.

மாணவர்களே, நீங்கள் ஒரு வாரம் உங்கள் பள்ளி வாயிலில் நின்று, யார் எவ்வாறு வருகின்றனர், எவ்விடத்தில் சாலையைக் கடக்க அஞ்சுகின்றனர் எனக் கணக்கெடுங்கள். அதை ஊராட்சியிடமோ நகராட்சியிடமோ அளியுங்கள். அக்கணக்கைப் பெறும் அலுவலர், அதைக் கோப்பில் கட்டி வைக்காமல், அடுத்த கல்வியாண்டுக்குள் ஒரு தெருவையேனும் சீர்செய்து காட்ட வேண்டும் எனக் கேட்டுக்கொண்டு அமைகிறேன்.