சுவரில் எழுதிய பெயர்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியின் பயனைக் குறித்துப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். ஆனால் நம் இரவுப்பள்ளி இளைஞர்கள் சிலர் என்னை வழிமறித்து, "ஐயா, ராப் பாட்டு எங்கே பிறந்தது? அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டனர். அந்தப் பாட்டு என் செவிக்கு இன்னும் பழகவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனினும் மாணவன் கேட்ட வினாவைத் தட்டிக் கழிப்பது ஆசிரியனுக்கு அழகன்று. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கப் பாட்டைவிட, அதனுடன் கூடப் பிறந்த எழுத்தே என்னைப் பற்றிக்கொண்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளியின் புதிதாக வெள்ளையடித்த சுவரில், ஒரு சிறுவன் கரிக்கட்டையால் தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டான். நான் அவனைப் பிரம்பால் அடித்தேன். அவன் கையாலேயே அதை அழிக்கவும் வைத்தேன். தன் வீட்டில் எழுதத் தெரிந்த முதல் பிள்ளை அவன் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பின், நியூயார்க் நகரத்து இளைஞர் ஒருவரின் வரலாற்றைப் படித்தபோது அச்சிறுவனின் முகம் மீண்டும் என் முன் வந்து நின்றது.

அந்த இளைஞர் உலகுக்கு ஃபேஸ் டூ என்ற பெயரால் அறிமுகமானவர். 1955ஆம் ஆண்டு பிறந்த கறுப்பினத்தவர். பிராங்க்ஸ் என்னும் பகுதியில் வளர்ந்தவர். அப்பகுதியின் நிலையை முதலில் சொல்ல வேண்டும். நகரின் நெடுஞ்சாலை ஒன்று பிராங்க்ஸின் நடுவே வெட்டிச் செலுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. வசதியுள்ளோர் வெளியேறினர்; ஏழைக் கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் எஞ்சினர். 1970களில் அங்கே தெருத் தெருவாகக் கட்டடங்கள் எரிந்தன. காப்பீட்டுப் பணத்திற்காக உரிமையாளர்களே தீ வைக்கச் செய்ததும் உண்டு. 1975இல் நகராட்சியே பொருளிழந்து தள்ளாடியபோது பள்ளிகளில் ஆசிரியர்கள் குறைக்கப்பட்டனர். ஓவிய வகுப்பும் இசை வகுப்பும் அருகின. இவ்வளவும் நேர்ந்த இடத்தில்தான் இரண்டு கலைகள் முளைத்தன.

ஃபேஸ் டூ படித்தது டிவிட் கிளிண்டன் உயர்நிலைப் பள்ளியில். அது அரசுப் பள்ளி. புகழ்பெற்ற கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்டுவினும் முன்னர் அங்கே படித்தவரே. அரசுப் பள்ளித் தலைமையாசிரியன் என்ற முறையில் இச்செய்தியை எங்கு கண்டாலும் நான் சற்று நின்று படிப்பது வழக்கம்! இளைஞர்கள் மார்க்கர் பேனாவாலும் ஸ்பிரே பெயிண்டாலும் சுவர்களிலும் ரயில் பெட்டிகளிலும் தத்தம் புனைபெயரை எழுதும் வழக்கம் அப்போது நகரெங்கும் பரவிக் கொண்டிருந்தது. டாக்கி 183 என்று எழுதிவந்த இளைஞரைப் பற்றி 1971ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நாளேடே செய்தி வெளியிட்டது. நம் இளைஞரும் அவ்வாண்டில்தான் எழுதத் தொடங்கினார். நண்பர்களோடு ஒரு விருந்து நடத்தி, மறு ஆண்டு நடத்தவிருந்த விருந்துக்கு 'இரண்டாம் கட்டம்' என்று பொருள்படும் ஃபேஸ் டூ என்ற பெயரைச் சூட்டினார். அதுவே அவர் பெயராயிற்று.

மற்றவர்கள் பெயரை எழுதினார்கள். இவர் எழுத்தைச் செய்தார். வேறுபாடு இங்கேதான். 1972ஆம் ஆண்டு அவர் ஒரு புதுவகை எழுத்தை வரைந்தார். ஒவ்வோர் எழுத்தும் எண்ணெயில் இட்ட பூரிபோல் உப்பி, கோணங்கள் மழுங்கி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். உள்ளே ஒரு வண்ணம், ஓரத்தில் மற்றொரு வண்ணம். இன்று 'பபிள்' எழுத்து என்று குழந்தைகளின் நோட்டு அட்டையிலும் மிட்டாய் உறையிலும் நாம் காண்கின்ற அவ்வடிவத்தைச் சுவரிலும் ரயிலிலும் நிலைநாட்டியவர் அவரே. அதோடு அவர் நிற்கவில்லை. அவ்வெழுத்தையே மேகம்போலவும் சொட்டும் நீர்போலவும் பல வகையாக மாற்றி, வகைக்கொரு பெயரும் இட்டார். எழுத்துகளுக்கு அம்புகள் முளைத்தன, கொக்கிகள் முளைத்தன, இறுதியில் பழைய எகிப்தியச் சித்திர எழுத்தோ என்று மலைக்குமளவு அவை மாறின. ஓடுகின்ற ரயிலின்மேல் இருப்பதைத் தெருவில் நிற்பவன் ஒரு நொடியில் கண்டுகொள்ள வேண்டும். பிராங்க்ஸில் சுரங்க ரயில்கள் பல இடங்களில் தெருவுக்கு மேலே உயர்த்திய பாலத்தில் ஓடுபவை. ஆகவே அந்தப் பெட்டிகளே அவ்விளைஞர்களின் ஓவியக் கூடமாயின.

ரயில் பொதுச்சொத்து, அதில் வண்ணம் பூசுவது குற்றமே. நான் தலைமையாசிரியன், வேறு விதமாகச் சொல்லமாட்டேன். மேயர் லிண்ட்சே 1972இல் இவ்வெழுத்துகளுக்கு எதிராகப் போரே அறிவித்தார். பின் வந்த நிர்வாகம் முள்வேலி இட்டது, நாய்களை விட்டது. 1989ஆம் ஆண்டு மே மாதத்தில், எழுத்துள்ள கடைசி ரயிலையும் நிறுத்திவிட்டதாக ரயில் துறை அறிவித்தது. எரிகின்ற வீடுகளுக்கு அவ்வளவு விரைந்து யாரும் போர் அறிவிக்கவில்லையே என்ற கேள்வி மட்டும் எனக்குள் எழாமல் இல்லை.

அதே 1972இல் வேறொருவரும் அவ்வெழுத்துகளைக் கண்டார். ஹியூகோ மார்ட்டினெஸ் என்பவர். சிட்டி கல்லூரியில் சமூகவியல் பயின்ற மாணவர். அவர் அவ்விளைஞர்களைத் தேடிச் சென்று ஒன்று திரட்டி 'யுனைடெட் கிராஃபிட்டி ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்ற சங்கத்தை நிறுவினார். ஃபேஸ் டூ அதில் முதன்மையானவர்களுள் ஒருவர். 1973இல் ரேசர் காலரி என்னும் கலைக்கூடத்தில் அவர்களின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவ்வாண்டே புகழ்பெற்ற ஜோஃப்ரி பாலே நாட்டியக் குழு, டுவைலா தார்ப் அமைத்த நாட்டியமொன்றில் அச்சங்கத்து இளைஞர்களை மேடையேற்றியது. நடனம் நடக்கும்போதே அவர்கள் பின்புலத் தாளில் எழுதிக்கொண்டிருந்தனர். ரயில் நிலையத்தில் காவலரைக் கண்டு ஓடிய பிள்ளைகள்! ஒரு கல்லூரி மாணவர் தேடிப் போனதால் நடந்தது இது.

இனி இளைஞர்கள் கேட்ட பாட்டுக்கு வருகிறேன். 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள், பிராங்க்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் நடத்திய இசை விருந்தையே ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்கின்றனர். ஹெர்க்கும் சுவரில் பெயர் எழுதியவரே. 1980களின் தொடக்கத்தில் இத்தகைய விருந்துகளுக்கு ஃபேஸ் டூ நோட்டீஸ் வரைந்தார். கணினி இல்லாத காலம். படங்களை வெட்டி ஒட்டி, எழுத்துகளைக் கையால் தீட்டி, நகலெடுத்துத் தெருவில் வழங்குவர். கையில் வாங்கியவன் படித்துவிட்டு எறியும் அந்தத் தாள்கள் இன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1982இல் 'தி ராக்சி' என்ற பாடல் தட்டையும் அவர் வெளியிட்டார்.

அவருடைய பிடிவாதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'கிராஃபிட்டி' என்ற சொல்லை அவர் ஏற்கவில்லை. கிறுக்கல் என்ற ஏளனம் அதில் உண்டு. வெளியில் இருப்பவர்கள் எங்கள்மேல் ஒட்டிய சொல் அது. நாங்கள் செய்வது எழுத்து, நாங்கள் எழுத்தர்கள் என்பது அவர் வாதம். டேவிட் ஷ்மிட்லாப் என்பவர் தொடங்கிய ஐ.ஜி. டைம்ஸ் என்ற இதழின் கலைப் பொறுப்பை ஏற்று அதை வாதிட்டார். 1996இல் அவ்விருவர் உழைப்பில் வெளிவந்த நூலிலும் வாதிட்டார். பிறர் இட்ட பெயரைச் சுமப்பது எத்தகையது என்று இந்த அவையில் நான் விளக்கத் தேவையில்லை. அவர் எழுத்து உப்பத் தொடங்கிய அதே 1972இல்தான், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவிப் பம்பாயில் நம் இளைஞர்கள் 'தலித் பேந்தர்ஸ்' என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டனர்.

அவருக்குப் பின் வந்தோர் பொருளும் புகழும் ஈட்டினர். ஃபேப் ஃபைவ் ஃபிரெடி 1979லேயே ரோம் நகரில் ஓவியக் காட்சி நடத்தினார். 1988 முதல் தொலைக்காட்சியில் ராப் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கி வீடுதோறும் அறிமுகமானார். நான் அதைக் குறைகூறவில்லை. ஃபேஸ் டூ வேறு இயல்பினர். தம் முகத்தைப் படம் பிடிக்க எளிதில் இடங்கொடார். தம் இயற்பெயரை வெளியிடவும் விரும்பார். 2019 டிசம்பரில், 64ஆம் வயதில், நரம்பைத் தாக்கும் கொடிய நோயால் அவர் மறைந்தார். நியூயார்க் டைம்ஸ் அவருக்கு நீண்ட இரங்கற் செய்தி வெளியிட்டது. மைக்கேல் லாரன்ஸ் மேரோ என்பது அவர் இயற்பெயர் என்பதைப் பலர் அன்றுதான் அறிந்தனர்.

நான் அடித்த சிறுவன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். அவன் எழுதிய பெயரில் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. வல்லினம், மெல்லினம் எல்லாம் சரியாக இருந்தன. தமிழாசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். அதை அன்றே கவனித்திருக்க வேண்டியவன் நான்.

இவ்விழாவின் வாயிலில் கட்டியுள்ள துணிப் பலகையின் எழுத்துகளை அச்சகத்தில் கொடுக்காமல், நம் இரவுப்பள்ளி மாணவர் ஒருவர் மூன்று இரவு விழித்துத் தம் கையாலேயே தீட்டியிருக்கிறார். உள்ளே வரும்போது நான்கூடக் குனிந்த தலையோடு வந்துவிட்டேன். வெளியே செல்லும்போது அனைவரும் சற்று நின்று அதைப் பார்க்க வேண்டுமெனக் கேட்டு அமைகிறேன்.