விற்ற டன்னுக்கு எவ்வளவு?

பட்டம் பெறும் இளைஞர்களே, உங்களில் பலர் இன்னும் சில மாதங்களில் கிள்ளானிலோ பந்திங்கிலோ ரவாங்கிலோ ஓர் ஆலைக்குள் காலெடுத்து வைப்பீர்கள். ஒரு டன்னுக்கு எவ்வளவு எரிசக்தி செலவானது என்ற கணக்கு மாதந்தோறும் உங்கள் மேசைக்கு வரும். அந்தக் கணக்கில் எந்த டன்னால் வகுக்கிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதுதான் இன்றைய என் வாதம்.

இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எரிசக்தியும் மூலப்பொருளும் தொடக்கத்திலிருந்தே இணைபிரியாதவை. தீயும் வெள்ளமும் 1881இல் கோலாலம்பூரை அழித்த பிறகு, அத்தாப்புக் கூரை வீடுகளுக்குப் பதில் கல் கட்டடங்கள் எழ வேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அதற்கான செங்கல் சூளைகள்தான் பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் தந்தன. 1894இல் தொழிலதிபர்கள் லோக் இயூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங்கில் மின்னாக்கியை நிறுவியது ஈயச் சுரங்கத்துக்காக. அதே ரவாங்கில் 1953இல் சிமெண்ட் ஆலை வந்தது. சூளையில் உடைந்துபோன ஒவ்வொரு செங்கல்லோடும் அதைச் சுட்ட விறகும் வீணானது. பொருள் வீணானால் அதற்குள் அடங்கிய எரிசக்தியும் வீண். இருந்தும் இன்றுவரை இரண்டையும் தனித்தனி ஏடுகளில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பழைய இரும்பை உருக்கும் ஆலையைக் கொஞ்சம் அருகிலிருந்து பாருங்கள். மின்வில் உலை ஒரு டன்னை உருக்கச் சுமார் 400 கிலோவாட் மணி மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உருகியது பில்லட் என்னும் எஃகுக் கட்டையாக வார்க்கப்படுகிறது. பில்லட்டை மறுபடியும் 1,100 டிகிரிக்கு மேல் சூடாக்கி, உருளைகளுக்கிடையே செலுத்திக் கம்பியாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் மேற்பரப்பு காற்றோடு சேர்ந்து செதிலாக உதிர்கிறது. கம்பியின் முன்னும் பின்னும் கோணலான முனைகளை வெட்டி எறிகிறார்கள். சில நேரம் செந்தழலாக ஓடிவரும் கம்பி தடம் மாறிச் சுருண்டு, ஒரு முழு பில்லட்டும் குப்பையாகிறது. செதில் போக, வெட்டியதும் சுருண்டதும் மீண்டும் உலைக்கே போகின்றன. 100 டன் உருக்கி 90 டன் விற்றால், உருக்கிய டன்னுக்கு 400 என்பது விற்ற டன்னுக்கு 444 ஆகிறது. மறுசூட்டுக்கான எரிவாயுவை இதில் நான் சேர்க்கவே இல்லை. இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. உருக்கிய டன்னால் வகுக்கும் ஆலையில், திரும்பி வந்த கழிவும் புது உற்பத்தியாகவே எண்ணப்படுகிறது. எவ்வளவு வீணாக்கினாலும் அறிக்கையில் 400தான் இருக்கும்.

இது ஓர் ஆலையின் குறையல்ல. உலகம் முழுவதும் உருக்கப்படும் எஃகில் ஏறத்தாழ 26 விழுக்காடும் அலுமினியத்தில் 41 விழுக்காடும் எந்தப் பொருளாகவும் ஆகாமல் வழியிலேயே கழிவாகின்றன என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதே பல்கலைக்கழகத்தில் 2014இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, பிரிட்டனில் 23 கட்டடங்களின் எஃகு உத்தரங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தது. அவற்றின் தாங்குதிறனில் சராசரியாகப் பாதிகூடப் பயன்படவில்லை. அதே விகிதம் நம் கம்பிக்கும் பொருந்துமானால், நம் 444, உண்மையில் தேவைப்பட்ட டன்னுக்கு 900ஐ நெருங்குகிறது. உலை எவ்வளவு நவீனமானாலும் இந்த இழப்பை உலையால் மீட்க முடியாது.

பாதுகாப்புக்காகத்தானே கூடுதல் எஃகு என்று கட்டடப் பொறியாளர்கள் கேட்பார்கள். பாதுகாப்புக்கான கூடுதல், விதிநூலின் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. ஆய்வு சொன்னது அதற்கும் மேற்பட்ட பளுவை. ஒரே அளவு உத்தரத்தை எங்கும் போட்டால் வடிவமைப்பு நேரமும் கூலியும் மிச்சம் என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மிச்சத்தின் விலை எத்தனை டன் என்பதை எழுதிக் காட்டிவிட்டு முடிவெடுக்கட்டும். இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. திறன் கூடினால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று 1865லேயே பொருளியலாளர் ஜெவன்ஸ் எழுதினார். பொருள் மலிந்தால் தேவை பெருகும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. அதனால்தான் அளவீடு மட்டும் போதாது, கரிமத்துக்கு ஒரு விலையும் வேண்டும் என்கிறேன். இரும்பு எஃகுத் துறைக்கும் எரிசக்தித் துறைக்கும் கரிம வரி வரும் என்று நம் மலேசிய அரசு 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. எதை அளக்கவில்லையோ அதற்கு நியாயமாக வரி போடவும் முடியாது.

சிறிய ஆலைகளுக்கு இந்த அளவீடு கட்டுப்படியாகாது என்பார்கள். முதல் படிக்கு வேண்டியது மீட்டரும் எடைமேடையும்தான். இரண்டும் பெரும்பாலான ஆலைகளில் ஏற்கெனவே இருக்கின்றன. இறக்குமதிச் சரக்கின் கரிமத்துக்கு விலை கேட்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிமத் திட்டமோ 2023 அக்டோபரில் அறிக்கை கேட்கத் தொடங்கி, 2026 ஜனவரியில் முழு நடைமுறைக்கு வந்தது. சொந்த அளவீடு காட்ட முடியாத சரக்குக்கு அவர்கள் உயர்த்தி வகுத்த மதிப்பே பொருந்தும். அளக்காமல் இருப்பதுதான் செலவு மிகுந்த வழி.

நம் சட்டம் சரியான திசையில்தான் நகர்கிறது. 2008இன் மின்திறன் மேலாண்மை விதிமுறைகள் மின்சாரத்தை மட்டும் எண்ணின. 2025 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் வெப்பத்தையும் சேர்த்து எண்ணுகிறது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல் அல்லது அதற்கு மேல் செலவிடும் ஆலை, பதிவு பெற்ற எரிசக்தி மேலாளரை நியமித்தாக வேண்டும். அந்தப் பதவிக்கு உங்களில் சிலர் போவீர்கள். பொருள் இழப்பு இன்னும் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. சட்டம் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் முதல் மாத அறிக்கையில், உருக்கிய டன்னுக்குப் பக்கத்தில் விற்ற டன்னுக்கும் ஒரு பத்தியைச் சேர்த்து, மேலாளர் முன் வையுங்கள்.